கொடுங்கோல் நாடு வேற்றுக்கிரகப் படையெடுப்பை நன்றாகத் தாக்குப்பிடிக்குமா?

செவ்வாய்வாசி (கேள்வி):

ஒரு அறிவியல் புனைகதைக்காகக் கேட்கிறேன். கதையில் அக்கம்பக்கமாக இரண்டு கற்பனை நாடுகள். வடக்கே ஒரே தலைவர், ஒரே கட்சி, தெருவுக்குத் தெரு உளவு என்று முப்பது வருடமாக நடக்கும் கொடுங்கோல் ஆட்சி. தெற்கே தேர்தல், நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் உண்டு. எந்த முடிவுக்கும் விவாதம், அதனால் தாமதம். இரண்டிலும் தலா நான்கு கோடி மக்கள். தொழில் வளர்ச்சியும் கிட்டத்தட்ட சமம். வேற்றுக்கிரகக் கப்பல்கள் வருவது ஆறு மாதம் முன்பே தொலைநோக்கியில் தெரிந்துவிடுகிறது. அவர்கள் பூமியை அழிக்க வரவில்லை, பிடித்து ஆள வருகிறார்கள். தொழில்நுட்பத்தில் நம்மைவிட நூறு வருடம் முன்னே, ஆனால் ஆள்பலம் குறைவு.

வடக்கு நிற்கும், தெற்கு விழும் என்பது என் முதல் வரைவு. உத்தரவு போட்டால் மறுநாளே நடக்கும். ஆள், அரிசி, இரும்பு மூன்றையும் ஒரே கையெழுத்தில் திருப்பிவிடலாம். இழப்புக்குக் கணக்குக் கேட்க ஆளில்லை. இந்த வாதம் வரலாற்றில் நிற்குமா? நின்றால் எங்கே, உடைந்தால் எந்த இடத்தில் உடைகிறது? பொதுக் கருத்தைவிட நடந்த விவரங்கள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

வடதிசை:

உங்கள் வரைவுக்குச் சாதகமான பெரிய உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் நுழைந்தது. ஜூன் 24 அன்றே, மேற்கிலிருந்த ஆலைகளைக் கிழக்கே மாற்ற ஒரு குழு அமைத்தார்கள். ஜூலை முதல் நவம்பர் வரை 1,523 ஆலைகள் ரயிலேறி யூரல் பகுதிக்கும் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போயின. கார்கிவ் நகரின் 183-ஆம் எண் டாங்கி ஆலையிலிருந்து கடைசி ரயில் அக்டோபர் நடுவில் கிளம்பியது. நிஷ்னி தகீல் நகரில் இருந்த ரயில்பெட்டி ஆலைக்குள் அந்த இயந்திரங்களை இறக்கி, டிசம்பர் முடிவதற்குள் முதல் டி-34 டாங்கிகளை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

நாவலில் இதை எழுதுவதாக இருந்தால் சில விவரங்கள் முக்கியம். மேற்கே சிப்பாய்களைக் கொண்டுபோன ரயில்கள் காலியாகத் திரும்பவில்லை, இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு வந்தன. கடைசல் இயந்திரத்தோடு அதை ஓட்டத் தெரிந்த தொழிலாளியும் அவர் குடும்பமும் போக வேண்டும். இல்லாவிட்டால் போய்ச் சேருவது வெறும் இரும்பு. பல இடங்களில் சுவரும் கூரையும் வருவதற்கு முன்பே இயந்திரங்களை ஓட்டினார்கள். கெட்டுப்போனதும் நிறைய. ஒரே ஆலையின் பாகங்கள் வெவ்வேறு ரயில்களில் பிரிந்து வெவ்வேறு ஊர்களில் கிடந்தன. அந்தக் குளிர்காலத்தில் மொத்த உற்பத்தி பாதாளத்துக்குப் போய்த்தான் மேலே வந்தது.

இதை வைத்து ‘கொடுங்கோலால்தான் முடிந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1941 டிசம்பரில் பிரிட்டன், திருமணமாகாத இளம்பெண்களையும் கட்டாயப் போர்ப்பணிக்கு அழைக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றியது. அமெரிக்கா 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை அடியோடு நிறுத்தியது. ஆனால் ஹிட்லரின் ஜெர்மனி ‘முழுப் போர்’ என்று முழங்கியதே 1943 பிப்ரவரியில், ஸ்டாலின்கிராட் போரில் தோற்ற பிறகு. 1918-இல் உள்நாடு பசியில் கொந்தளித்தது நாஜித் தலைமையின் நினைவில் இருந்தது. அதனால் வீட்டிலிருப்பவர்களின் சௌகரியத்தில் கைவைக்கத் தயங்கினார்கள். சொந்த மக்களைப் பார்த்து அஞ்சும் ஆட்சியால் அந்த மக்களிடம் முழு உழைப்பையும் கேட்க முடிவதில்லை. வாக்கு வாங்கி வந்த அரசு நாஜிகளைவிட அதிகமாகக் கேட்டது, கிடைத்தது.

தந்திக்கம்பம்:

வடதிசை சொன்னது முடிவெடுத்த பிறகு நடப்பது. அதற்கு முன்பு உண்மை மேலே போய்ச் சேர வேண்டுமே. கொடுங்கோல் முதலில் உடைவது அங்கேதான்.

அதே 1941-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவிலிருந்து சோவியத் உளவாளி சோர்கே எச்சரித்தார், பிரிட்டன் எச்சரித்தது, கடைசி நாள் இரவில் ஒரு ஜெர்மன் சிப்பாயே எல்லையைத் தாண்டி வந்து சொன்னார். ஸ்டாலின் நம்ப விரும்பவில்லை. அவர் விரும்பாததை அழுத்திச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. ராணுவத்தின் உச்சப் பதவியான மார்ஷல் பதவியில் இருந்த ஐவரில் மூவர் அதற்கு முன்பே, சந்தேகப்பட்டவர்களை ஸ்டாலின் ஒழித்த களையெடுப்பில் போய்விட்டிருந்தார்கள். படைகளை உஷார்ப்படுத்தும் உத்தரவு ஜூன் 22 நள்ளிரவு தாண்டித்தான் மாஸ்கோவிலிருந்து கிளம்பியது. அதிலும் ‘ஆத்திரமூட்டலுக்கு இடம் கொடுக்காதே’ என்ற வரி இருந்தது. பல பிரிவுகளுக்கு அது கிடைப்பதற்கு முன்பே குண்டு விழத் தொடங்கிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் உங்கள் கதைக்கு முக்கியம். மேற்கு முனையின் தளபதி பாவ்லோவை ஜூலையில் சுட்டுக்கொன்றார்கள். அதிலிருந்து மற்ற தளபதிகள் கற்றுக்கொண்ட பாடம், பின்வாங்க அனுமதி கேட்காதே என்பது. செப்டம்பரில் கீவ் நகரைச் சுற்றி வளையம் இறுகுவது கண்ணுக்குத் தெரிந்தது. விலகலாம் என்று கேட்ட அப்பகுதித் தளபதி புத்யோன்னியை மாற்றிவிட்டு, நகரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார் ஸ்டாலின். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களை இழந்தார்கள். ‘இழப்புக்குக் கணக்குக் கேட்க ஆளில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இழப்பில் பெரும்பகுதியை உண்டாக்கியதே அந்த ஆட்சிமுறைதான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சோவியத்துக்குப் பின்னால் போக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நிலம் இருந்தது. உங்கள் வடக்கு நாட்டுக்கு இருக்கிறதா?

வேற்றுக்கிரகத்தார் விஷயத்தில் இது இன்னும் மோசமாகும். ஜெர்மன் டாங்கி என்னவென்று ரஷ்யர்களுக்குத் தெரியும். வந்திருப்பவர்களின் ஆயுதம் எதைத் துளைக்கும், எதைத் துளைக்காது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்கிறது என்பதெல்லாம் முதல் மூன்று வாரத்தில் அடிபட்டவர்கள் சொல்லித்தான் தெரியும். ‘என் படைப்பிரிவு அழிந்தது, காரணம் இது’ என்று எழுதினால் தலை போகும் நாட்டில் ஒரு தளபதி என்ன எழுதுவார்?

இன்னொரு சின்ன விவரம். 1941 ஜூன் 25 அன்று சோவியத் அரசு, மக்கள் தங்கள் ரேடியோப் பெட்டிகளை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மிஞ்சியது கம்பி வழியே பேசும் ஒலிபெருக்கி மட்டும். பகைவனின் பிரச்சாரம் காதில் விழக் கூடாது என்பது காரணம். கம்பி அறுந்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. மேலே கப்பல் நிற்கும்போது உங்கள் சர்வாதிகாரியும் இதையே செய்வார். தொழில்நுட்பக் கோணத்தில் அது தற்கொலை. ஏன் என்று சொல்கிறேன்.

கைபேசி அலைகள் வளிமண்டலத்தைத் தாண்டி நேராக விண்ணுக்குப் போய்விடும். மேலிருப்பவர்கள் கேட்பார்கள், கோபுரங்களையும் உடைப்பார்கள். சிற்றலை அப்படியல்ல. 3 முதல் 7 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பினால் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். சுற்றிலும் 300, 400 கிலோமீட்டருக்கு மலை குறுக்கே இருந்தாலும் கேட்கும். தேவை 20 வாட் கருவி, ஒரு 12 வோல்ட் பேட்டரி, தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டிய கம்பி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி, 3.5-க்கு சுமார் 41 மீட்டர். பகலில் 5 முதல் 7 வரை, இரவில் 3 முதல் 4 வரை. தவறு நடப்பது அலைவரிசையைத் தேர்வதில்தான். அந்த நேரத்தின் எல்லை அதிர்வெண்ணைத் தாண்டினால் அலை திரும்பாமல் விண்ணுக்கே போய்விடும். நம் ஆளுக்குக் கேட்காது, எதிரிக்குக் கேட்கும். இரவு ஏற ஏற அந்த எல்லை இறங்கும். இதைக் கையாள ஊர் ஊராகப் பழகிய ஆபரேட்டர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். தெற்கு நாட்டில் அவர்கள் பொழுதுபோக்கு அமெச்சூர்களாக ஏற்கெனவே இருப்பார்கள். வடக்கில் அந்தக் கருவியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

மலைப்பாதை:

நூறு வருட முன்னேற்றம், குறைந்த ஆள்பலம், பிடித்து ஆளும் நோக்கம். இந்த மூன்றும் சேர்ந்த உண்மைப் படையெடுப்பு ஒன்று நடந்திருக்கிறது. 1532 நவம்பர் 16, பெருவின் கஹாமார்க்கா. ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோவோடு இருந்தவர்கள் 168 பேர். அவர்கள் ஒரே மாலையில் இன்கா பேரரசன் அதாவால்பாவைப் பிடித்தார்கள்.

பிடித்த பிறகு நடந்ததைத்தான் நாவலாசிரியர் பார்க்க வேண்டும். சிறையிலிருந்தபடியே அதாவால்பா உத்தரவு போட்டார், உத்தரவுகள் நடந்தன. அவர் சொன்னபடி பேரரசின் மூலைமுடுக்கிலிருந்து தங்கமும் வெள்ளியும் மீட்புப் பணமாக வந்து குவிந்தன. அரியணைக்கு அவரோடு போட்டியிட்ட சகோதரர் வாஸ்கர் கொல்லப்பட்டதும் அதே சிறையிலிருந்து போன கட்டளையால்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பெரும்படையோடு இருந்த தளபதி சல்குச்சிமாக், ஸ்பானியர் பேச்சை ஏற்றுத் தானே கஹாமார்க்காவுக்கு வந்து சிக்கினார். மாதக்கணக்கில் யாரும் அந்த 168 பேரை அடித்து நொறுக்கவில்லை. கீழ்ப்படிதலுக்காகக் கட்டிய இயந்திரம் உச்சியில் யார் கை இருந்தாலும் ஓடும். 1533 ஜூலையில் அதாவால்பாவைக் கொன்றபோது வேண்டியது ஸ்பானியர் கைக்கு வந்திருந்தது. பிறகும் இன்காக்கள் வீரமாகப் போராடினார்கள், வில்காபாம்பா மலைகளில் 1572 வரை. ஆனால் ஆரம்பத்து வாய்ப்பு திரும்பி வரவில்லை.

தெற்கே சிலியில் இருந்த மபூச்சே மக்களைப் பாருங்கள். பேரரசன் இல்லை, தலைநகர் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவர். போர் வந்தால் கூடி ஒருவரைப் போர்த்தலைவராக ஏற்பார்கள். யாரைப் பிடித்தாலும் மற்றவர்கள் சரணடையத் தேவையில்லை. ஸ்பானியரிடம் குதிரைக்காரனாக வேலைபார்த்துக் குதிரைப்படையின் பலவீனத்தைக் கற்ற லௌதாரோ, 1553 டிசம்பரில் ஆளுநர் வால்டீவியாவைத் தோற்கடித்துக் கொன்றார். லௌதாரோ 1557-இல் விழுந்தார், போர் நிற்கவில்லை. 1598-இல் குராலாபாவில் இன்னொரு ஆளுநரைக் கொன்றார்கள். அவர் மார்ட்டின் கார்சியா ஓன்யெஸ் தெ லோயோலா. 1572-இல் கடைசி இன்கா அரசன் துபாக் அமாருவைப் பிடித்தவர் இதே மனிதர். அரசனைப் பிடித்தால் நாடு முடியும் என்ற அவர் அனுபவம் மபூச்சே நாட்டில் செல்லுபடியாகவில்லை. பீயோபீயோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த ஸ்பானிய நகரங்கள் அதன் பிறகு சில வருடங்களில் அழிந்தன அல்லது கைவிடப்பட்டன. 1641-இல் கீலின் உடன்படிக்கையில் ஸ்பெயின் அந்த ஆற்றை எல்லையாக ஏற்றது.

நோய், உள்நாட்டுப் போர் என்று இன்கா வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கப்பல்காரர்கள் விவரமானவர்கள் என்றால் வடக்கில் குண்டு போட மாட்டார்கள். தலைவரைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் குரலிலேயே பேச வைப்பார்கள்.

பனிக்காடு:

மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுத் தெற்கு எளிதாக ஜெயிக்கும் என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். பின்லாந்து 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை, 105 நாள், சோவியத் படையை எதிர்த்து நின்றது. சிறு பிரிவுகளின் தலைவர்கள் தாங்களே முடிவெடுத்து, பனிச்சறுக்கில் காட்டுக்குள் சுற்றி வந்து, ராட்டே சாலையில் நீண்டு கிடந்த படை வரிசையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். எதிரிக்குப் பல மடங்கு சேதம். அப்படியிருந்தும் முடிவில் நாட்டின் பத்தில் ஒரு பங்கு நிலம் போனது; நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். நல்ல அமைப்பு கால அவகாசம் வாங்கித் தரும். தீர்ந்துபோன பீரங்கிக் குண்டைத் தராது.

செவ்வாய்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் வடக்கின் தலைவர் புத்திசாலியாக இருந்து, ஆறு மாதத்துக்குள் அதிகாரத்தைத் தானே பரவலாக்கினால்? ரேடியோவும் துப்பாக்கியும் ஊருக்கு ஊர் கொடுத்து, ‘நான் பிடிபட்டாலும் போராடுங்கள்’ என்று சொல்லிவிட்டால்? ஒரு கொடுங்கோலன் அப்படிச் செய்வானா?

வடதிசை:

பெரும்பாலும் செய்ய மாட்டான். சோவியத்தில் 1930-களின் தொடக்கத்தில் மேற்கு எல்லையோரக் காடுகளில் கெரில்லாப் போருக்காக ஆயுதக் கிடங்குகளை மறைத்து வைத்திருந்தார்கள், ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். களையெடுப்புக் காலத்தில் கிடங்குகளைக் கலைத்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் பலரைச் சந்தேகத்தின் பேரில் ஒழித்தார்கள். 1941-இல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

2003 இராக்கும் அப்படித்தான். அமெரிக்கப் படை வரும் வழியிலிருந்த பாலங்களைத் தகர்க்க சதாம் தயங்கினார். உள்ளூரில் கிளர்ச்சி எழுந்தால் தன் படையை அனுப்ப அதே பாலங்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. சிறப்புக் குடியரசுக் காவற்படையைத் தவிர வேறு பிரிவுகள் பாக்தாத்துக்குள் வரக் கூடாது. அடுத்தடுத்த பிரிவுகளின் தளபதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. ஆட்சிக்கவிழ்ப்பைத் தடுக்கக் கட்டிய பூட்டுகள் இவை. போர் வந்த அன்று அந்தப் பூட்டுகளைத் திறக்க யாரும் துணியவில்லை.

இதோடு பிரிட்டனை வைத்துப் பாருங்கள். 1940 மே 14 அன்று போர்த்துறை அமைச்சர் ஈடன் ரேடியோவில் அழைத்தார். ஜூலை முடிவுக்குள் ஊர்க்காவற்படையில் ஏறக்குறைய 15 லட்சம் பேர். இன்னொரு பக்கம் காடுகளில் நிலவறை தோண்டி, நான்கு முதல் எட்டுப் பேர் கொண்ட ரகசியக் குழுக்களை ஏற்பாடு செய்தார்கள். எதிரி முன்னேறிப் போன பிறகு பின்னாலிருந்து தாக்குவது அவர்கள் வேலை. சுமார் இரண்டு வாரத்துக்கான கையிருப்பு. அதற்கு மேல் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஸ்டாலினிடமிருந்தே ஒரு விதிவிலக்கு காட்டலாம். 1941 ஜூலையில் ஒவ்வொரு தளபதியின் கட்டளைக்கும் கட்சி ஆணையரின் கையெழுத்தும் வேண்டும் என்ற முறையை மீண்டும் கொண்டுவந்தார். 1942 அக்டோபர் 9 அன்று, ஸ்டாலின்கிராட் சண்டை உச்சத்தில் இருந்தபோது, அதை எடுத்துவிட்டார். தளபதிகளின் கை அவிழ்ந்த பிறகுதான் பெரிய வெற்றிகள் வந்தன. ஆனால் அந்தப் புத்தி வர அவருக்குப் பதினைந்து மாதமும் பரந்த நிலமும் தேவைப்பட்டன. உங்கள் தலைவருக்கு இருப்பது ஆறு மாதம்.

மலைப்பாதை:

செய்த ஒரு நாடு இருக்கிறது: டிட்டோவின் யூகோஸ்லாவியா. ஒரே கட்சி, எதிர்ப்பவர்களுக்குச் சிறை. ஆனாலும் 1968-இல் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போனதைப் பார்த்த பிறகு, 1969-இல் சட்டம் போட்டு ‘வட்டாரப் பாதுகாப்புப் படை’யை உருவாக்கினார்கள். ஆயுதம் குடியரசு வாரியாக, நகராட்சி வாரியாக, பெரிய ஆலைகளிலும்கூடப் பிரித்து வைக்கப்பட்டது. 1974 அரசியலமைப்பின் 238-ஆம் பிரிவு, சரணடைவதை ஏற்கவோ கையெழுத்திடவோ யாருக்கும் உரிமை இல்லை என்றது. கஹாமார்க்காவுக்கான மருந்து சரியாக இதுதான். தலைவரே பிடிபட்டுப் பேசினாலும் அது செல்லாது. ஜனநாயக நாடான ஸ்வீடனும் 1943-இல் வீடுகளுக்கு அனுப்பிய கையேட்டில், எதிர்ப்பைக் கைவிடச் சொல்லும் எந்தச் செய்தியும் பொய் என்று அச்சிட்டுக் கொடுத்தது.

யூகோஸ்லாவியாவில் பின்னால் நடந்ததை உங்கள் நாவலின் மூன்றாம் பாகமாக வைக்கலாம். டிட்டோ 1980-இல் இறந்தார். 1990 மே மாதம் மத்திய ராணுவம் அந்த ஆயுதங்களைத் திரும்ப வாங்கத் தொடங்கியது. ஸ்லோவேனியா ஒரு பகுதியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. 1991 ஜூனில் சுதந்திரம் அறிவித்து, அதே வட்டாரப் படையை வைத்துப் பத்து நாள் போரில் மத்திய ராணுவத்தைப் பின்வாங்க வைத்தது.

தந்திக்கம்பம்:

அப்படிச் செய்வதானால் ஆறு மாதத்தைப் பிரிக்கும் வரிசையைச் சொல்கிறேன். வரிசை மாறினால் எதுவும் பலிக்காது.

முதல் மாதமே சரணடையத் தடைச் சட்டத்தை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும். கடைசி வாரத்தில் அறிவித்தால் அதுவே எதிரியின் தந்திரமோ என்று சந்தேகப்படுவார்கள். கூடவே பெரிய மின்மாற்றிகள். மிகப் பெரியவை 200 டன்னுக்கு மேல் இருக்கும். புதிதாகச் செய்து வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆறு மாதத்தில் புதிது கிடைக்காது என்பதால் உதிரியாக இருப்பவற்றைப் பிரித்து மறைப்பது, மருத்துவமனைக்கும் நீரேற்றத்துக்கும் சிறு ஜெனரேட்டர்களை ஒதுக்குவது. இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரை ரேடியோ ஆபரேட்டர் பயிற்சி. புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் முறை கையில் படிய அவ்வளவு காலம் வேண்டும், அதைச் சுருக்க வழியில்லை. உணவுக் கிடங்குகளை மாவட்டத்துக்கு ஒன்று என்பதிலிருந்து ஊராட்சிக்கு ஒன்று என்று சிதறடிப்பதும் அப்போதே. துப்பாக்கி ஐந்தாம் மாதம் போதும்.

கப்பல்கள் விண்ணிலிருந்து ஆயுதமாகப் போடக்கூடிய உலோகத் தண்டுகளைப் பற்றி மிகைப்படுத்த வேண்டாம். 10 டன் உலோகத் தண்டு வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் 75 டன் டி.என்.டி. அளவுதான். ஒரு கட்டடத் தொகுதியை அழிக்கும், ஒரு நகரத்தை அழிக்காது. ஆகவே அவர்கள் எண்ணி எண்ணித்தான் இலக்கைத் தேர்வார்கள். நூறு இலக்கில் நாடு நின்றுவிடுமா, பத்தாயிரம் இலக்கு வேண்டுமா என்பதை அந்தச் சிதறல் முடிவு செய்யும்.

வடக்கில் இந்த வரிசை சிக்கப்போவது இரண்டாம் மாதத்தில். ரேடியோ பயிற்சிக்குப் பெயர் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். முப்பது வருடமாக அந்தக் கருவியை வைத்திருந்தவர்களைச் சிறையில் தள்ளிய நாடு அது. பெயர் எழுதும் பதிவேடு அடுத்த கைதுப் பட்டியலாகாது என்று யார் நம்புவார்? முதலில் அந்தக் கைதிகளை வெளியே விட்டு அவர்களையே பயிற்சியாளர்களாக்க வேண்டும். உங்கள் சர்வாதிகாரி அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுகிறாரா இல்லையா என்ற அத்தியாயத்தை எழுதிப் பாருங்கள். வடக்கு நிற்குமா என்பதற்கு விடை அதில் கிடைத்துவிடும்.